ஆன்டெனாவுக்குச் சந்தனம்

"வாயத் தொறந்து நாலு வார்த்த பேசத் தெரியாதவளுக்கு ரேடியோ லைசென்ஸ் என்னத்துக்கு?"

கேட்டவர் என் மச்சான் சூரியபிரகாஷ். அக்கா தமிழ்வாணியின் வீட்டுக்காரர். அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் என் பேருக்கு வந்து சேர்ந்த அன்று, கடையில் இரண்டு வாடிக்கையாளர்கள் நிற்கும்போது கேட்டார். அவர்களும் சிரித்தார்கள். நான் பதில் சொல்லாமல் நின்று, அவர் சொன்னது சரிதான் என்று நிரூபித்தும் கொடுத்தேன்.

அவருடைய எரிச்சலுக்குக் காரணம் இருந்தது. தேர்வு எழுத ஆசைப்பட்டவர் அவர்தான். மதுரை ஆனையூரில் அவருக்கு சிசிடிவி கேமரா மாட்டும் கடை. நான் பத்தாம் வகுப்பில் பாதியில் நின்றவள். எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். ஒரு வருடம் முழுக்க அடைத்தது. அடுத்த வருடம் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. அதிலிருந்து கடையின் பின்னறையில் ஒயருக்குக் கனெக்டர் போடுவதும் சால்டரிங் வைப்பதும் என் வேலை. முன்னறையில் பேசுவது மச்சானின் வேலை. வேலையை இதைவிடப் பொருத்தமாக யாராலும் பிரித்திருக்க முடியாது.

தேர்வுக்கான கேள்வி பதில் தொகுப்பை அவர் எனக்கு அனுப்பி, "படிச்சு சுருக்கமா எழுதிக் குடு, எனக்கு நேரமில்ல" என்றார். எழுதிக் கொடுத்தேன். எழுதும்போது படித்தேன். துணைக்கு ஆள் வேண்டும் என்பதற்காக என்னையும் விண்ணப்பிக்கச் சொல்லி, சென்னைக்கு ரயிலில் கூட்டிக்கொண்டு போனார். நான் தேறினேன். அவர் வெளியே வந்து, கேள்வித்தாளே தப்பு என்றார்.

இது பாட்டுக் கேட்கும் ரேடியோ இல்லை. தேர்வில் தேறியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ரேடியோ. தேறியவருக்கு அரசாங்கம் எழுத்தும் எண்ணுமாக ஓர் அழைப்புக்குறி கொடுக்கும். கால் சைன் என்பார்கள். உலகத்திலேயே அது ஒருவருக்கு மட்டும்தான். அதைச் சொல்லிவிட்டுத்தான் பேச ஆரம்பிக்க வேண்டும். கடை விளம்பரம் கூடாது, வியாபாரம் கூடாது, லைசென்ஸ் இல்லாதவர் அந்தக் குறியைச் சொல்லிப் பேசவே கூடாது. மீறினால் லைசென்ஸை ரத்து செய்யலாம்; குறியும் போய்விடும்.

என் குறியைச் சொல்லி எட்டு மாதத்தில் நான் மூன்று முறை பேசியிருந்தேன். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, கையடக்க செட்டில். மூன்று முறையும் யாரோ பதில் சொன்னார்கள். முகம் தெரியாது, வயது தெரியாது. நான் பேசி முடித்துப் பொத்தானை விடும் வரைக்கும் எதிர்முனை காத்திருந்தது. பத்தொன்பது வருடத்தில் நான் முடிக்கும் வரை ஒரு மனிதர் காத்திருந்தது அங்கேதான். அந்தக் குறியை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அதற்கும் மச்சான் ஒரு உபயோகம் கண்டுபிடிப்பார்.

அவர் கண்டுபிடித்த முதல் உபயோகம் ஜீப்.

அது கறுப்பு ஜீப். நான்கு சக்கரமும் இழுக்கும். கூரை வரைக்கும் ஏறும் ஒரு குழாய் அதற்கு உண்டு. வண்டி ஆற்றில் முங்கினாலும் மூச்சு வாங்குமாம். வைகையில் முழங்கால் அளவு தண்ணீர் பார்த்து எத்தனை நாளாகிறது என்று நான் கேட்கவில்லை. பானெட்டில் ஒரு மண்வெட்டியைப் பெல்ட் போட்டுக் கட்டியிருந்தார். மச்சானுடைய அப்பா உசிலம்பட்டிப் பக்கம் நாற்பது வருடம் மண்வெட்டி பிடித்து, இனி என் பிள்ளை சேற்றில் இறங்க வேண்டாம் என்று நிலத்தை விற்றுக் கடை வைத்துக் கொடுத்தார். பிள்ளை அந்தக் கடையிலிருந்து சேற்றில் இறங்குவதற்கு ஒரு வண்டி வாங்கிவிட்டார்.

இப்படிப்பட்ட பத்து வண்டிக்காரர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ரோடு இல்லாத இடமாகத் தேடிப் போய்ச் சிக்கிக்கொள்வது, பிறகு ஒருவரை ஒருவர் இழுத்துவிடுவது, அதைப் படம் பிடிப்பது, பிரியாணி சாப்பிடுவது. சங்கத்துக்குத் தலைவர் ஜனகராஜ். தெற்கு மாசி வீதியில் ஜவுளி மொத்த வியாபாரம் செய்யும் சௌராஷ்டிரக்காரர். வீட்டம்மாவிடம் போனில் அவர்கள் மொழியில் மெதுவாகப் பேசுவார். எங்களிடம் தமிழில் அதைவிட மெதுவாகப் பேசுவார். அந்தக் கூட்டத்தில் சத்தம் போடாமல் சிரிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். பத்து வண்டிக்கும் ரேடியோ மாட்டலாம் என்று அவருக்கு ஒரு யோசனை இருந்தது. மாட்டும் வேலை மச்சானுக்கு வேண்டும்.

"அண்ணே, நான் லைசென்ஸ் எடுத்து நாலு வருசமாச்சு" என்று மச்சான் அவரிடம் போனில் சொன்னதைப் பின்னறையில் இருந்து கேட்டேன்.

போனை வைத்த பிறகு அக்காவே கேட்டாள். "பத்து பேருக்கும் லைசென்ஸ் வேணும்ல? அதுக்கு என்ன செய்வீங்க?"

"எதுக்கு? நம்ம மீனா குறி ஒண்ணு போதும். பத்து வண்டியும் அதையே சொல்லிக்கட்டும். ஃபேமிலி பேக் மாதிரி."

என் முழுப் பேர் முத்துமீனா. ஃபேமிலி பேக்கின் மேல் அட்டையில் இருப்பவள் நான்தான் என்று அப்போது தெரிந்துகொண்டேன். ஆர்டர் கிடைத்தால் பத்து வாய் என் குறியைச் சொல்லிக் குரைக்கும். ஒரு மாதம்கூடத் தாங்காது. யாராவது புகார் எழுதுவார்கள், குறி போய்விடும். மச்சானிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று மூன்று நாள் நினைத்தேன். மூன்று நாளும் கனெக்டர் போட்டேன்.

ஜீப்பில் செட்டை மாட்டியவள் நான். ஒயர் இழுத்தது, கூரையில் ஆன்டெனா திருகும் சாக்கெட்டைப் பொருத்தியது, எல்லாம் நான். எங்கள் அலைவரிசைக்கு முழங்கை நீள ஆன்டெனா போதும். மச்சான் ஆள் உயரக் கம்பிதான் வேண்டும் என்றார். நீளம் கூடினால் தூரம் கூடும் என்பது அவர் கணக்கு. கேள்வித்தாள் ஏன் தப்பாகப் போனது என்று எனக்கு அப்போது இன்னும் நன்றாகப் புரிந்தது. அந்தக் கம்பிக்கு வேறு அலைவரிசை. அதை மாட்டிப் பேசினால் செட்டு கருகிப் போகும் என்று அக்கா மூலம் சொல்லி அனுப்பி, கடைசியில் சரியான அளவு கம்பிக்கு மேல் வெறும் பிளாஸ்டிக் குச்சி ஒன்றைச் செருகி உயரமாக்கிக் கொடுத்தேன். உச்சியில் சங்கக் கொடி. அவருக்குத் திருப்தி.

ஆயுத பூஜை அன்று வண்டியைக் கழுவ ஆன்டெனாவைக் கழற்றி வைத்திருந்தார்கள். அக்கா சந்தனம் குழைத்துக் கொடுத்தாள். மச்சான் பொட்டு வைக்க ஆரம்பித்தார். நான்கு சக்கரம், ஸ்டியரிங், பானெட், இஞ்சின், ஜாக்கி, மண்வெட்டி, மூச்சுக் குழாய். ரேடியோ செட்டின் நெற்றியில் ஒன்று, மைக்கின் வாயில் ஒன்று. பிறகு கூரையைப் பார்த்தார். ஆன்டெனா சாக்கெட் வட்டமாக, நடுவில் குழியோடு, பொட்டு வைப்பதற்கென்றே அளவெடுத்துச் செய்தது போல இருந்தது. மோதிர விரலால் சந்தனத்தை வழித்து அதற்குள் வைத்து நன்றாக அமுக்கினார். மேலே குங்குமம். சூடம் காட்டினார். கும்பிட்டுவிட்டு அதன் மேலேயே ஆன்டெனாவைத் திருகினார்.

நான் மூன்று அடி தள்ளித் தாம்பாளத்தோடு நின்றேன். அந்தக் குழிக்குள்தான் ஆன்டெனாவின் அடி ஊசி உட்காரும் ஓட்டை இருக்கிறது. பேச்சு அதன் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். சந்தனம் காய்ந்தால் சுவர் மாதிரி அடைத்துக்கொள்ளும். இதெல்லாம் தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. வெட்கத்தால் என்று அப்போது நினைத்தேன். இல்லை. செட்டு வேலை செய்யாவிட்டால் ஆர்டர் கிடைக்காது; என் குறி என்னோடு இருக்கும். சாமியே எனக்காக மச்சான் விரலைப் பிடித்து அமுக்கியது போல ஒரு சந்தோஷம்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து வண்டிகள் டி. கல்லுப்பட்டிக்கு அந்தப் பக்கம் உள்ள கரிசல் காட்டுக்குப் போவதாகத் திட்டம். அன்று மச்சான் ரேடியோவைப் பேசிக் காட்ட வேண்டும். ஜனகராஜ் பார்த்துவிட்டு முடிவு சொல்வார்.

"நீயும் வா" என்றார் மச்சான். "போலீஸ் கீலீஸ் கேட்டா காட்டணும்ல."

இன்சூரன்ஸ் பேப்பரை வைப்பது போல என்னைப் பின்சீட்டில் வைத்தார். என் பக்கத்தில் தண்ணீர்க் கேன், இழுவைக் கயிறு, தக்காளிச் சாத வாளி.

திருமங்கலம் தாண்டியதும் மைக்கை எடுத்தார். மேற்கே மலைமேல் ரிப்பீட்டர் என்று ஒரு கருவி உண்டு. நாம் பேசுவதை வாங்கி, பலமாக்கி, சுற்றுவட்டாரம் முழுக்க அனுப்பும். அதற்கு நம் பேச்சு எட்டினால், பொத்தானை விட்டதும் ஸ்பீக்கரில் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். அதுதான் அடையாளம். மச்சானுக்கு அது தெரியாது.

என் குறியைச் சொன்னார். இரண்டு எழுத்தை இடம் மாற்றிச் சொல்லி, பிறகு திருத்திக்கொண்டார். "வணக்கம் மதுரை! நான் சூரியபிரகாஷ் பேசுறேன். கரடுமுரடான பாதைல போய்க்கிட்டு இருக்கேன். ஓவர்!"

வண்டி அப்போது நான்குவழிச் சாலையில் போய்க்கொண்டிருந்தது.

பொத்தானை விட்டார். டிக் இல்லை. நான் தக்காளிச் சாத வாளியைக் கட்டிக்கொண்டு நிம்மதியாகச் சாய்ந்தேன்.

"பதிலே காணோமே மாப்ள" என்றார் முன்சீட்டில் இருந்த நல்லகாமன். மச்சானின் கூட்டாளி. அவருக்கு வண்டி கிடையாது, தொப்பி மட்டும் உண்டு.

"கேட்டுக்கிட்டு இருப்பாய்ங்க. பெரிய ஆளு பேசுறப்ப குறுக்க பேச மாட்டாய்ங்க."

பிறகு நிறுத்தவே இல்லை. குறியைச் சொன்னார், ஊர்ப்பெயர் சொன்னார், சக்கரத்தின் அளவைச் சொன்னார். கல்லுப்பட்டியைத் தாண்டி மண் பாதையில் இறங்கி வண்டி குதிக்க ஆரம்பித்த பிறகு, உற்சாகம் கூடி, "வீடு, கடை, தோப்பு, எங்க கேமரா மாட்டணும்னாலும் நம்மள கூப்பிடுங்க" என்று போன் நம்பரும் சொன்னார். அது விதிப்படி கூடாத விளம்பரம். ஆனால் சந்தனம் இருக்கிறது. காய்ந்த சந்தனச் சுவருக்குப் பின்னால் ஒரு மனிதர் கத்திக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டேன். அந்த நேரம் எனக்கு அவர் மேல் இளக்காரமாகக்கூட இருந்தது. இஞ்சின் சத்தத்தில் ஸ்பீக்கர் சரியாகக் கேட்காததை நான் பொருட்படுத்தவில்லை.

முந்தின இரண்டு நாளும் மழை. கரிசல் மண் நனைந்தால் அந்த ஊரில் மாட்டைக்கூட இறக்க மாட்டார்கள். கால் வைத்தால் களி மாதிரி அப்பிக்கொண்டு செருப்பை வாங்கிவிடும். மற்ற நான்கு வண்டிகளும் கண்மாய்க் கரையின் சரளை மேட்டிலேயே நின்றுவிட்டன. மச்சான் இறக்கினார். இருபது அடி போனது. சக்கரங்களின் பள்ளம் எல்லாம் மண் அப்பி, நான்கும் பெரிய பணியாரம் மாதிரி உருண்டையாகி, வண்டி அப்படியே உட்கார்ந்தது. இன்னும் அழுத்தினார். இன்னும் உட்கார்ந்தது.

மேட்டில் இருந்து ஜனகராஜ் கூப்பிட்டார். "சூர்யா, நல்லதாப் போச்சு. ரேடியோல உதவிக்குக் கூப்பிடுங்க பாப்போம். இதுக்குத்தான மாட்டப் போறோம்?"

மச்சான் கூப்பிட்டார். பத்து நிமிடம் கூப்பிட்டார். என் குறி அவர் வாயில் கிடந்து நைந்தது. கூப்பிட்டது யாருக்கும் கேட்டதாகத் தெரியவில்லை. அதற்குள் நல்லகாமன் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து, யாரிடமோ நம்பர் வாங்கி, டிராக்டர் வரச் சொல்லிவிட்டார். அந்தக் காட்டில் போன் சிக்னல் நாலு கம்பியும் இருந்தது. ரேடியோ தேவைப்படாத இடமாகப் பார்த்துத்தான் இவர்கள் ரேடியோவோடு வந்திருந்தார்கள்.

டிராக்டரோடு வந்தவர் பேயாண்டி என்கிற அந்த ஊர் விவசாயி. இறங்கி, இடுப்பில் கை வைத்து ஜீப்பைச் சுற்றிப் பார்த்தார்.

"ஏண்ணே, வழி தவறி வந்துட்டீகளா?"

"இல்லண்ணே, வேணும்னுதான் எறக்குனோம்" என்றார் நல்லகாமன்.

"வேணும்னா?" பேயாண்டி மச்சானை மேலும் கீழும் பார்த்தார். "வீட்ல எதுவும் சண்டையா?"

மேட்டில் நின்றவர்கள் சிரித்தார்கள். கயிறு கட்டி, டிராக்டர் ஒரு உறுமலில் ஜீப்பைச் சரளைக்கு இழுத்துப் போட்டது. எல்லோரும் சுற்றி நின்றார்கள். ஜனகராஜ் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"என்ன சூர்யா, நாலு வருச லைசென்ஸுங்கிறீங்க. ஒரு ஆளு பதில் சொல்லலியே. செட்டு கோளாறா, ஆளு கோளாறா?"

அதோடு முடிந்திருக்க வேண்டியது. மச்சான் ஏதாவது மழுப்பியிருப்பார், ஆர்டர் போயிருக்கும், குறி எனக்கு மிஞ்சியிருக்கும். மச்சான் மழுப்பவில்லை. என்னைக் கை காட்டினார்.

"செட்டு நல்ல செட்டுண்ணே. மாட்டுனதுதான் சரியில்ல. இந்தா, நம்ம கொழுந்தியா போட்ட கனெக்டரு. பள்ளிக்கூடத்துலயே பாதில நின்ன பிள்ள, வேல இம்புட்டுதான் வரும். அடுத்த வாட்டி வெளிய ஆளு வச்சு மாட்டிருவோம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் தொண்டை வழக்கம் போல அடைத்துக்கொண்டது. ஆனால் கைக்குத் தொண்டை கிடையாது. நான் போட்ட கனெக்டர் ஒன்றுகூட இதுவரை கழன்று வந்ததில்லை. மதுரையில் அறுநூறு வீட்டு வாசலில் மழையிலும் வெயிலிலும் தொங்குகிறது என் வேலை. பேசத் தெரியாதவள் என்று ஆயிரம் முறை சொல்லட்டும். கனெக்டர் போடத் தெரியாதவள் என்று சொன்னால் பொறுக்க முடியாது என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

ஜீப்பின் படியில் ஏறி, கொடியோடு ஆன்டெனாவைத் திருகிக் கழற்றினேன். சாக்கெட்டை எல்லோருக்கும் தெரியும்படி விட்டு ஒதுங்கினேன்.

பேயாண்டிதான் முதலில் எட்டிப் பார்த்தார். "சந்தனமில்ல இது?"

"குங்குமமும் வச்சிருக்கு" என்றார் இன்னொருவர்.

"ஏப்பா, பொட்டு வைக்கிற எடமாப்பா இது? எங்க டிராக்டருக்கும்தான் பூச போடுறோம். டீசல் டேங்குக்கு உள்ளயா பொட்டு வைப்பாக?"

நல்லகாமன் தொப்பியால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார். ஜனகராஜ் சத்தம் போடாமல் சிரித்தார். மச்சானின் காது இரண்டும் செங்கல் நிறத்துக்கு வந்தன. என்னைப் பார்த்த பார்வையில், வீட்டுக்குப் போனதும் இருக்கிறது என்பது தெளிவாக எழுதியிருந்தது.

தாவணியில் இருந்த ஊக்கைக் கழற்றி, காய்ந்த சந்தனத்தைச் சுரண்டி எடுத்தேன். சில் சில்லாக வந்தது. பேயாண்டி கொடுத்த துணியைப் பெட்ரோலில் நனைத்துத் துடைத்தேன். பித்தளை மின்னியது. ஆன்டெனாவைத் திருகினேன். முன்சீட்டில் ஏறி மைக்கை எடுத்தேன். மாட்டி முடித்தால் சோதித்துப் பார்ப்பது என் பழக்கம். அந்த நிமிடம் வேறு எந்தத் துணிச்சலும் எனக்கு இல்லை. பொத்தானை அழுத்தி என் குறியை ஒரே ஒரு முறை சொன்னேன். எழுத்துகள் சரியான வரிசையில் இருந்தன.

விட்டேன். 'டிக்.'

அதற்குப் பின்னால் ஒரு பெண் குரல், சமையலறையில் நின்று பேசுவது போல அவ்வளவு தெளிவாக, தன் குறியைச் சொல்லிவிட்டு, என் குறியைத் திருப்பிச் சொன்னது.

"ராதாமணி பேசுறேன், தல்லாகுளம். உங்க பேரு என்னம்மா?"

"முத்துமீனா. ஆனையூர்."

"முத்துமீனா, ஒண்ணு கேக்கணும். காலைல ஒம்போதரைக்கு இதே கால் சைன்ல ஒரு ஆம்பளக் குரல் விட்டு விட்டு வந்துச்சு. கேமரா மாட்டணும்னா கூப்பிடுங்கன்னு விளம்பரம். நாங்க நாலு பேரு கேட்டிருக்கோம். போன் நம்பர்கூட ஆறு எண்ணுதான் வந்துச்சு. அது யாரு? ஓவர்."

மண் பாதையில் வண்டி குதித்தபோது ஊசி சந்தனத்தைக் குத்திக்கொண்டு தொட்டுத் தொட்டு வந்திருக்கிறது. சுவர் என்று நான் நம்பியது வெறும் திரை. அதன் பின்னால் ஒளிந்துகொண்டு, என் குறியை வைத்து ஒருவர் கடை விரித்ததைச் சாத வாளியைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். மச்சானை முட்டாள் என்று காலை முழுக்க மனதுக்குள் ஏசியவள் நான். அவருக்காவது சந்தனத்தின் குணம் தெரியாது. எனக்குத் தெரியும் என்று நான் நினைத்திருந்தேன்.

ஸ்பீக்கர் சத்தமாக வைக்கப்பட்டிருந்ததால் எல்லோரும் கேட்டுவிட்டார்கள். மச்சான் ஜன்னல் வழியாகத் தலையை நுழைத்தார்.

"செட்டு காணாமப் போச்சுன்னு சொல்லு" என்றார் பல்லுக்குள்ளேயே. "இப்பத்தான் கெடச்சுச்சுன்னு சொல்லு. எவனோ களவாண்டு பேசிட்டான்."

ஸ்பீக்கர் இரைந்தது. எதிர்முனை காத்துக்கொண்டிருந்தது.

"ஏய் மீனா, சொல்லுடி. ஒன் லைசென்ஸுதான போகும், அறிவிருக்கா? ஒன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவர் சொன்னதில் லைசென்ஸ் போகும் என்பது ஒன்றுதான் உண்மை. பொய் சொன்னால் ஒருவேளை குறி தப்பும். உண்மையைச் சொன்னால் போகலாம். ஆனால் பொய் சொல்லித் தப்பவைத்த குறியைச் சொல்லி மறுபடி நான் யாரைக் கூப்பிடுவேன்? களவு போய்க் கிடைத்த செட்டு மறுநாளும் அவர் வண்டியில்தான் இருக்கும். பத்து வண்டியிலும் இருக்கும்.

பொத்தானை அழுத்தினேன்.

"பேசுனது என் அக்கா வீட்டுக்காரரு. சூரியபிரகாஷ். அவருக்கு லைசென்ஸ் இல்ல. செட்டு என் பொறுப்பு. நான் அதே வண்டியிலதான் இருந்தேன். ஆன்டெனா அடைச்சிருக்கு, வெளிய போகாதுன்னு நெனச்சுப் பேசாம இருந்தேன். தடுக்காதது என் தப்பு. ஓவர்."

என் வாழ்நாளில் ஒரே மூச்சில் அவ்வளவு நீளம் பேசியதில்லை. யாரும் குறுக்கே பேசவில்லை. பொத்தான் என் விரலில் இருந்தது.

பிறகு ராதாமணி பேசினார்.

"சரிம்மா. உள்ளதச் சொன்னீங்க. குறிச்சு வச்சுக்கிறேன். புகார் எழுதலாமா வேணாமான்னு மத்த மூணு பேர்கிட்டயும் கேக்கணும். நான் மட்டும் முடிவு பண்ண முடியாது. நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு வாங்க, சொல்றேன். அதுவரைக்கும் மைக்க யாரு கைலயும் குடுக்காதீங்க."

நன்றி சொல்லி, குறியைச் சொல்லி முடித்தேன்.

ஜனகராஜ் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "சூர்யா, நாலு வருசம்னீங்களே?"

வாயால் தொழில் செய்யும் மனிதர் வாயை மூடிப் பார்ப்பது எனக்கு அதுதான் முதல் தடவை.

"தப்பா நெனைக்காதீங்க. எங்களுக்கு இப்போதைக்கு ரேடியோ வேணாம்" என்றார் ஜனகராஜ், அதே மெதுவான குரலில். "மொதல்ல நாங்க பரிச்ச எழுதுறோம். அப்புறம் பாப்போம்." பிறகு என்னிடம், "ஏம்மா, அந்தப் பரிச்சைக்கு எம்புட்டுப் படிக்கணும்?" என்று கேட்டார்.

"ஒரு நோட்டு அளவுக்கு" என்றேன். மச்சானுக்கு எழுதிக் கொடுத்த சுருக்கம் அவ்வளவுதான் இருந்தது. அதையும் அவர் படித்திருக்கவில்லை.

பேயாண்டி கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, "பிள்ள நல்லாத்தான பேசுது" என்றார் யாரிடமும் இல்லாமல்.

மச்சான் ஓட்டுநர் பக்கம் வந்து கதவைத் திறந்து உட்கார்ந்தார். என் பக்கம் திரும்பாமல் கையை மட்டும் நீட்டினார். உள்ளங்கை மேலே பார்த்திருந்தது. மைக்கைக் கேட்கிறார். அந்தக் கையில் எத்தனையோ முறை ஸ்குரூ டிரைவர் வைத்திருக்கிறேன், டீ டம்ளர் வைத்திருக்கிறேன், தேர்வுக்கான சுருக்கத்தை வைத்திருக்கிறேன்.

செட்டின் முகப்பில் மைக் ஒயர் ஒரு சின்னக் கிளிப்பில்தான் நிற்கிறது. அதை அழுத்திப் பிடுங்கினேன். மைக்கைச் சுருட்டி என் பைக்குள் போட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டேன்.

நீட்டிய கை அப்படியே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு ஸ்டியரிங்குக்குப் போனது. வண்டியை ஸ்டார்ட் செய்தார். முன்கண்ணாடி வழியாகவே பார்த்துக்கொண்டு, இஞ்சினை இரண்டு முறை உறுமவிட்டார். நான் இறங்க வேண்டும் என்பதுதான் அதன் அர்த்தம். இறங்கினேன்.

நல்லகாமன் பின்கதவைத் தட்டி, "மாப்ள, பிள்ளய விட்டுட்டா போற? மாப்ள!" என்று கூப்பிட்டுக்கொண்டே நாலு எட்டு கூட ஓடினார். கண்மாய்க் கரையில் கறுப்பு ஜீப் சேற்றை எங்கள் எல்லோர் மேலும் தெளித்துக்கொண்டு திரும்பியது. மச்சான் கல்லுப்பட்டி ரோட்டில் ஏறி, மதுரையை நோக்கிப் போனார்.